பூங்காவில் பருந்து பார்ப்பது: வடசென்னைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

மழை விட்டு மார்கழி பிறந்ததும் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பூங்காக்களுக்குக் காலை நடைக்குப் போவேன். கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர் தொங்கும். அதைப் பார்த்தவர்கள் கேட்காமல் விடுவதில்லை. சிலர் டீக்கடை வரை கூடவே வந்து கேட்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பதில்களை இங்கே எழுதிவைத்துவிட்டேன்.

நம்ம பக்கம் பருந்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் பருந்தையே யாரும் சரியாகப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

தினமும் தலைக்கு மேல் வட்டம் போடும் பழுப்புப் பறவை கள்ளப்பருந்து. கரும்பருந்து என்றும் எழுதுவார்கள். எங்கள் ஆயா 'பிராந்து' என்பார். கடலோரத்தில், குறிப்பாகக் காசிமேடு பக்கம், வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாகப் பறப்பது செம்பருந்து. கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அது கருடன். பூங்கா மரத்துக்குள்ளேயே ஒளிந்து வேட்டையாடுவது வைரி. புறா அளவுதான் இருக்கும், அதனால் பலர் கண்ணில் படுவதே இல்லை. வல்லூறு என்றும் அதற்குப் பெயர் உண்டு. இந்த மூன்றும் ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவை.

குளிர்காலத்தில் வருகிற விருந்தாளிகளைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பருந்துகள் பூங்காவுக்கு எதற்கு வருகின்றன?

சாப்பிட இல்லை. கள்ளப்பருந்தின் சாப்பாட்டுக்கடைகள் வேறு: காசிமேட்டு மீன் ஏலம், புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி, கொடுங்கையூர் குப்பைமேடு. அங்கே வயிற்றை நிரப்பிக்கொண்டு, உட்காரவும் இறகு காயவைக்கவும் கூடு கட்டவும் இரவு தங்கவும் உயர்ந்த மரம் தேடி வருகிறது. நம் தெருக்களில் உயர்ந்த மரம் எங்கே இருக்கிறது? 2016 டிசம்பர் 12-ம் தேதி வந்த வர்தா புயல் நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மிச்சமிருக்கும் பெரிய தூங்குமூஞ்சி மரமும் அரசும் பூங்கா, பள்ளிக்கூடம், ரயில்வே குடியிருப்பு என்று சில இடங்களில்தான்.

வைரியின் கதை வேறு. அதற்குப் பூங்காதான் சமையலறை. ஓணான், அணில், மைனா, சிட்டு, வெட்டுக்கிளி எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

ஏன் குளிர்காலத்தில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

குளிர்நாட்டு ஆட்கள் எழுதியதைப் படித்தால், இலை உதிர்ந்து மரம் மொட்டையாக நிற்கும், பறவை தெளிவாகத் தெரியும் என்று இருக்கும். இங்கே அது ஆகாது. மார்கழியில் நம் மரங்கள் மழை குடித்துப் பச்சைப் பசேலென்று நிற்கும். வாதாம் மரம் மட்டும் தை, மாசியில் இலை சிவந்து கொட்டும்.

நமக்குக் காரணங்கள் வேறு. வெயில் ஏறத் தாமதமாவதால் பருந்துகள் காலையில் வெகுநேரம் மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதோடு, கள்ளப்பருந்து தெற்கே பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் முட்டையிடும். மார்கழியிலேயே குச்சி பொறுக்க ஆரம்பித்துவிடும். செம்பருந்தும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கூடு கட்டும். இணையாகப் பறப்பது, ஒன்றையொன்று துரத்துவது, காலில் குச்சியோடு போவது எல்லாம் இந்த மாதங்களில்தான் கண்ணில் படும். கள்ளப்பருந்தின் கூட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கம்பி, கிழிந்த சாக்கு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், காத்தாடி நூல் எல்லாம் அதில் இருந்தன. குச்சியும் கொஞ்சம் இருந்தது.

எத்தனை மணிக்குப் போகலாம்?

இதில் ஒரு சிக்கல். பருந்து வட்டமடிப்பது இறக்கை பலத்தால் அல்ல. வெயில் பட்டுத் தார்ச்சாலையும் மொட்டைமாடியும் சூடானதும் அங்கிருந்து வெப்பக்காற்று மேலே எழும். அதில் ஏறிக்கொண்டால் இறக்கையை அசைக்காமலே உயரப் போகலாம். குளிர்காலத்தில் அது ஒன்பது மணிக்கு முன்னால் சரியாக எழுவதில்லை. மாநகராட்சிப் பூங்காக்களோ பெரும்பாலும் காலையும் மாலையும் திறந்து நடுவில் பூட்டுபவை. பருந்து கிளம்புகிற நேரத்துக்குக் காவலாளி விசில் ஊதுவார்.

அதனால் நான் செய்வது இதுதான். ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கிறது. ஆறே முக்காலிலிருந்து எட்டு வரை பூங்காவுக்குள் இருந்து, உட்கார்ந்திருக்கும் பறவைகளையும் வைரியையும் பார்ப்பேன். பறப்பதைப் பார்க்க ஒன்பதரைக்குமேல் வீட்டு மொட்டைமாடி போதும். மாலை ஐந்திலிருந்து இருட்டும் வரை மறுபடி பூங்கா. பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து ஒரே மரத்தில் இடத்துக்குச் சண்டை போடும். மின்சார ரயிலில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கும் சண்டைதான்.

மழை பெய்து ஓய்ந்த காலை கிடைத்தால் விடாதீர்கள். நனைந்த பருந்துகள் இறக்கையை அகல விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். அசையவே அசையாது.

எந்தப் பூங்கா நல்லது?

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது. தினமும் போகிற இடத்தில்தான் எந்தக் கிளையில் எது உட்காரும் என்று பழகும். ராயபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம். பெரியவர்களிடம் பருந்து பற்றிக் கேட்டால் அந்தக் கதைக்குத்தான் போவார்கள், பொறுமையாக இருங்கள். பெரம்பூர்க்காரர்களுக்கு மேம்பாலத்தை ஒட்டிய பூங்கா, மாதவரத்துக்காரர்களுக்குத் தோட்டக்கலைப் பூங்கா. பெரிய மரம் இரண்டு, கொஞ்சம் திறந்த வானம், இவை இருந்தால் சரி.

நான் பார்க்கும்போது மட்டும் ஒன்றுமே தெரிவதில்லையே. எப்படிக் கண்டுபிடிப்பது?

வானத்தைப் பார்க்காதீர்கள். காக்காயைப் பாருங்கள்.

எனக்கு இது புரிய மூன்று வருடம் ஆனது. பூங்காவில் இருக்கிற ஒவ்வொரு பறவைக்கும் வேட்டைப்பறவை எங்கே என்று நம்மைவிட நன்றாகத் தெரியும், தெரியாவிட்டால் உயிர் போகும். கள்ளப்பருந்து மேலே போனால் ஒன்றிரண்டு காக்கைகள் வால் பக்கம் துரத்திவிட்டு அலுப்போடு திரும்பிவிடும். அது அன்றாடத் தகராறு. பத்துப் பன்னிரண்டு காக்கைகள் ஒரே மரத்தில் இறங்கி, எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் விஷயம் பெரிது. அங்கே வைரியோ ஆந்தையோ இருக்கிறது. கூச்சல் ஐந்து நிமிடத்தில் வேறு மரத்துக்கு நகர்ந்தால் வைரி. அரைமணி நேரம் அதே பொந்தின் முன்னால் நடந்தால் ஆந்தை.

அடுத்தது அணில். வாலை வெட்டி வெட்டி, ஒரே சுருதியில் நிறுத்தாமல் கத்தினால் அதன் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அடிமரத்தில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தால் வைரி மிகப் பக்கத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய அடையாளம் அமைதி. மைனாவும் தவிட்டுக்குருவியும் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும் இடம் சட்டென்று அடங்கிவிடும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இது கிடைக்காது.

கள்ளப்பருந்தையும் செம்பருந்தையும் எப்படிப் பிரிப்பது?

வளர்ந்த செம்பருந்தை யாரும் தவறவிட மாட்டார்கள், நிறமே சொல்லிவிடும். குழப்பம் அதன் குஞ்சில். முதல் வருடக் குஞ்சு பழுப்பாக இருக்கும், தூரத்தில் கள்ளப்பருந்து போலவே தெரியும். வாலைப் பாருங்கள். கள்ளப்பருந்தின் வால் நடுவில் பிளந்து மீன்வால் மாதிரி இருக்கும். செம்பருந்தின் வால் விசிறி மாதிரி உருண்டையாக முடியும். ஒரு எச்சரிக்கை: கள்ளப்பருந்து திரும்புவதற்காக வாலை முழுக்க விரித்தால் அந்தப் பிளவு மறைந்து நேர்கோடாகிவிடும். ஒரு நொடி பார்த்து முடிவு கட்டாமல், வாலை மடக்கும் வரை காத்திருங்கள்.

வாலை அது முறுக்குவதையும் கவனியுங்கள். படகுக்காரர் சுக்கானைத் திருப்புவதுபோல இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருக்கும். மின்கம்பிகளுக்கும் கொடிக்கயிறுகளுக்கும் நடுவில் புகுந்து மீன் குடலைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது அந்த வாலின் வேலை. தூக்கியதைக் காலிலிருந்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பறந்தபடியே தின்னும்.

வைரியைப் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும்?

மேலே சாம்பல், மார்பில் மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், மஞ்சள் கால். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு கலந்த மஞ்சள். பெண்தான் பெரியது. பறக்கும்போது நாலைந்து முறை படபடவென்று அடித்துவிட்டுக் கொஞ்சம் சறுக்கும், மறுபடி அடிக்கும். தாழ்வாக, மரத்துக்கு மரம் போகும்.

ஒரு ஜனவரிக் காலை, குழந்தைகள் சறுக்குமரத்தை ஒட்டிய வாதாம் கிளையில் பெண் வைரி ஒன்று மைனாவோடு உட்கார்ந்திருந்தது. என் தலைக்கு எட்டடி உயரம் இருந்தால் அதிகம். ஒரு காலால் மைனாவைக் கிளையோடு அழுத்திக்கொண்டு இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. ஒவ்வொரு பிடுங்கலுக்கும் தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்க்கும். பிறகு அடுத்தது. இறகுகள் சறுக்குமரத்தில் விழுந்து மெதுவாக வழுக்கி இறங்கின. கீழே நான்கு பேர் ஏலச்சீட்டுப் பணம் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு சுற்று போனார்கள், ஒருவரும் நிமிரவில்லை. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அலகைக் கிளையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போய்விட்டது.

அதிலிருந்து தரையில் வட்டமாகக் கிடக்கும் இறகுக் குவியலைப் பார்த்தால் நேர் மேலே இருக்கும் கிளையைத்தான் முதலில் பார்ப்பேன். அதே கிளைக்குத் திரும்ப வரும் பழக்கம் அதற்கு உண்டு.

எப்போதாவது அக்காக்குயில் ஏமாற்றும். நிறமும் பறக்கும் விதமும் அப்படியே வைரி. ஒரு வாரம் 'வைரி' என்று நோட்டில் எழுதிவைத்த பறவை எட்டாம் நாள் வாயைத் திறந்து கூவியது. அடித்து எழுதினேன்.

இவையெல்லாம் கழுகுதானே?

பேச்சில் பெரிதாகப் பறக்கிற எல்லாமே கழுகு. எழுத்தில் கொஞ்சம் பிரிக்கலாம். இறந்ததைத் தின்னும் மொட்டைக் கழுத்துப் பறவைகள் பாறு. பிணந்தின்னிக் கழுகு என்பதும் அவற்றைத்தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறு வாங்கித் தின்ற இரண்டு 'கழுகுகள்' மஞ்சள்முகப் பாறு இனம். 1990களோடு அங்கே வருவது நின்றுபோனது. இந்தியா முழுக்கப் பாறுகள் அழிந்ததற்கு மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து முக்கியக் காரணம். அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் போய்விடும். கால்நடைகளுக்கு அதைப் போடுவது 2006-ல் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறு பார்க்க வேண்டுமானால் முதுமலை, மாயாறு பக்கம் போக வேண்டும். வடசென்னையில் உங்கள் தலைக்கு மேலே இருப்பது பருந்து.

கையில் இருப்பதைப் பிடுங்குமா? குழந்தைக்கு ஆபத்தா?

மீனோ கறியோ திறந்த பையில் தூக்கிப் போனால் பிடுங்கலாம். காசிமேட்டில் கூடைக்காரம்மாக்கள் மீன் மேல் ஈரச்சாக்கு போடுவது வெயிலுக்கு மட்டுமல்ல. குழந்தையைத் தூக்கிப் போகும் என்பது கதை. ஒரு கிலோகூட எட்டாத பறவை அது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது மட்டும் தலைக்கு மேல் சர்ரென்று இறங்கி மிரட்டும். அந்த மரத்தடியை இரண்டு மாதம் விட்டுவிட்டு வேறு பாதையில் நடங்கள்.

ஈரல் துண்டு போட்டால் பக்கத்தில் வருமே?

வரும். வராதது வைரி. பருந்துகள் கூடிவிட்டால் காக்காயும் நாயும் கூடும், அடுத்த நாள் பள்ளிப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் மேல் பாயும். படத்துக்காக இதைச் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டையே நடந்திருக்கிறது.

என்ன பைனாகுலர் வாங்குவது?

8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரியும். சூரியன் பக்கம் எந்தக் காரணத்துக்கும் திருப்பாதீர்கள். பருந்து சூரியனைக் கடந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம் கடையில் சொல்ல மாட்டார்கள். நம் பூங்காக்களைச் சுற்றி நாலு பக்கமும் வீடு. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்த பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடி அம்மா ஒருவர், "ஏம்ப்பா, காலங்காத்தால எங்க வீட்டையே பாத்துனு நிக்கிற?" என்று சத்தம் போட்டுவிட்டார். கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. மேலே ஏறிப்போய்ப் பைனாகுலரை அவர் கையிலேயே கொடுத்தேன். ஐந்து நிமிடம் திருப்பித் தரவில்லை. இப்போது பருந்து கூட்டுக்கு வந்தால் எனக்குச் சேதி சொல்வதே அவர்தான். எல்லாரும் அவரைப் போல இருக்க மாட்டார்கள், ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள்.

வெளியூர் விருந்தாளிகள் என்றீர்களே?

பூங்காவில் அதிர்ஷ்டம் இருந்தால் தேன்பருந்து. உடம்புக்குத் தலை சின்னது, புறாத் தலையைக் கொண்டுவந்து ஒட்டியதுபோல இருக்கும். தேனீ, குளவிக் கூடுகளைப் பிய்த்துப் புழுவைத் தின்னும். மற்றவற்றுக்குப் பூங்காவை விட்டு வடக்கே போங்கள். மணலி, எண்ணூர்க் கழிமுகப் பக்கம் திறந்தவெளி இருக்கிறது. நாணல் மேல் தாழ்வாகத் தடவிக்கொண்டு பறப்பது சேற்றுப் பூனைப்பருந்து. தண்ணீரில் கால் முதலில் பாய்ந்து மீனோடு எழுவது விராலடிப்பான். அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கை அடித்து நிற்பது செம்பழுப்பாக இருந்தால் சிற்றெழால். வெள்ளையும் சாம்பலுமாகத் தோள் கறுத்திருந்தால் கருந்தோள் பருந்து. அது விருந்தாளி இல்லை, உள்ளூர்தான்.

எல்லாரும் கேட்பது பொரி வல்லூறைத்தான். வைரிக்குச் சொல்லும் வல்லூறு இல்லை, இது வேறு பறவை. குளிர்காலத்தில் இங்கே வருபவற்றில் வடதுருவத்தை ஒட்டிய துந்திராப் பனிவெளியிலிருந்து வருபவையும் உண்டு. கன்னத்தில் மீசை வழிந்த மாதிரி கறுப்புப் பட்டை இருக்கும். கோபுரம், புகைபோக்கி, உயர்ந்த மின்கோபுரம் என்று ஒரு உச்சியைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும். புறாக்கூட்டம் மேலே வந்ததும் உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பறவை அது. புறா வளர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நம்மைவிட அவர்களுக்கு அதை நன்றாகத் தெரியும். பாராட்டித்தான் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது.

ஆந்தை இதில் சேருமா?

சேரும். இருட்டுகிற நேரத்தில் பூங்கா விளக்குக்கம்பத்தில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் சின்னது புள்ளி ஆந்தை. பழைய கட்டடத்திலும் கிடங்கிலும் இருக்கும் வெள்ளை முகக்காரர் கூகை. இரவெல்லாம் எலி தின்றுவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிப் போடும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் தானியக் கிடங்கு வைத்திருப்பவர் அதற்கு வாடகைகூடக் கேட்கக் கூடாது. அபசகுனம் என்று கல்லெறிபவர்களிடம் இந்த எலிக் கணக்கைச் சொல்லிப் பார்க்கிறேன், சில சமயம் எடுபடுகிறது.

மாஞ்சா நூலில் பருந்து தொங்குகிறது. என்ன செய்வது?

தை மாதம் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. மாஞ்சாவுக்குத் தடை இருக்கிறது, கழுத்தறுபட்டு மனிதர்களே இறந்திருக்கிறார்கள். இருந்தும் வேப்பமரத்துக்கு வேப்பமரம் நூல் தொங்குகிறது.

முதலில் நூலை இழுக்காதீர்கள். கண்ணாடித்தூள் பூசிய நூல், இழுக்க இழுக்க எலும்பு வரை அறுக்கும். இறக்கையிலிருந்து ஒரு முழம் விட்டு நூலை வெட்டுங்கள். கீழே வந்ததும் தலையோடு சேர்த்துத் துணி போட்டு மூடிவிட்டால் பறவை அடங்கும். அலகைவிட நகத்துக்குத்தான் பயப்பட வேண்டும், கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடியுங்கள். காற்று ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம், அங்கே கொண்டுபோங்கள். வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். குணமாகட்டும் என்று வீட்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டு வருடத்துக்கு முன் காணும் பொங்கலன்று ஒன்று வேம்பின் உச்சியில் ஒற்றை இறக்கையில் தொங்கியது. நான் கூப்பிட்ட இடத்தில் இன்னொரு எண் கொடுத்தார்கள். அங்கே வேறொரு எண். நாலாவது எண் எடுக்கவே இல்லை. கடைசியில் பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஒருவர், மூங்கிலில் கத்தியைக் கட்டி நூலை அறுத்தார், நாங்கள் கீழே போர்வை பிடித்தோம். உயிர் பிழைத்தது. அந்த இறக்கை மறுபடி விரியவில்லை.

கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. போட்டுக்கொண்டே வாலையும் பாருங்கள்.

பார்த்ததை எழுதிவைக்க வேண்டுமா?

எழுதினால் நல்லது. ஈபேர்ட் செயலியில் போடலாம், பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். வெறும் காக்கையும் பருந்தும்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த எண்ணிக்கையும் வேண்டும். நான் இன்னமும் கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். நேரம், மரம், பறவை, அது செய்தது, அவ்வளவே. போன மாதத்திலிருந்து ஒன்று:

"6.55. வாதாம். வைரி, பெண். ஓணானோடு வந்தது. காக்கை 11. 7.10-க்குக் காவலாளி வந்து என்ன பார்க்கிறீர்கள் என்றார், காட்டினேன். 7.40 வரை இருவரும் நின்றோம். தண்ணீர்க்குழாய் திறந்தபடியே இருந்தது."